துரு காட்டிக்கொடுக்கும்

கேள்வி: பழைய அமெரிக்கப் பெட்ரோல் பங்க் எனாமல் பலகை ஒன்று விலைக்கு வருகிறது. ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது. பெயின்ட் அடித்துச் சரிசெய்தால் மதிப்பு கூடுமா?

பதில்: பெரும்பாலும் குறையும், தொடாதீர்கள். ஆணித் துளையைச் சுற்றிப் பெயர்ந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எழுத்தின் நடுவே காசளவு பெயர்ந்தால்தான் விலை சட்டென்று இறங்கும்.

அதற்கு முன், அசல்தானா? எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் சூளையில் உருக்கிப் படியவைத்த கண்ணாடித் தூள். நிறத்துக்கு ஓர் அடுக்கு என்பதால், நிறம் மாறும் இடத்தில் நகத்தை ஓட்டினால் மேடு தட்டும். நல்ல நகலிலும் தட்டும் என்பதுதான் தொல்லை! ஆகவே துளையைப் பாருங்கள். திருகு அழுத்திய தடமே இல்லாமல் எங்கும் ஒரே சீராகத் துரு இருந்தால், அது பழசாகக் காட்டத் தடவிய அமிலத்தின் கைவரிசையாக இருக்கலாம்.

விற்பவர் சொல்லும் விலை கணக்கல்ல. ஏலத்தில் அதே அளவு, அதே நிலையில் விற்றுப்போன விலையே கணக்கு.