பனிக்கு அடியில் ட்ரவுட்: வாசகர் கேள்விகள்

உறைந்த ஏரிகளில் தூண்டில் போடுவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, பல குளிர்காலங்களாக ட்ரவுட் பிடித்துவரும் தூண்டில்காரர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஏரியே உறைந்துபோகும் குளிரில் மீன் அசையாமல்தானே கிடக்கும்? ட்ரவுட் இரை எடுக்குமா?

எடுக்கும். கெண்டை போன்ற மீன்கள் குளிர்காலத்தில் அடியில் மந்தமாகக் கிடக்கும். ட்ரவுட் குளிர்ந்த நீருக்கென்றே பிறந்த மீன். தண்ணீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அதற்குத் திண்டாட்டம். பனிக்குக் கீழே ஒன்று முதல் நான்கு டிகிரி வரை இருக்கும் நீரில் அது நீந்தும், சுற்றும், தின்னும். ஆனால் உடல் குளிர்ந்திருப்பதால் செரிமானம் மெதுவாக நடக்கும், அதனால் பசியும் குறைவு. கோடையில் துரத்திப் பிடிக்கும் இரையைக் குளிர்காலத்தில் பக்கத்தில் வந்தால்தான் வாயில் எடுக்கும். ஆகவே இரை சிறியதாக இருக்கட்டும். இந்தப் பருவத்தில் அதன் சாப்பாடு பெரும்பாலும் நீர்ப்பூண்டுகளில் ஒட்டித் திரியும் சின்ன இறால் வகை உயிரிகள், சேற்றில் வாழும் கொசு போன்ற பூச்சிகளின் புழுக்கள், அவ்வப்போது ஒரு பொடிமீன். அந்த அளவை மனதில் வைத்துத் தூண்டில்முள்ளைத் தேர்ந்தெடுங்கள். தூண்டிலை ஓயாமல் சுண்டிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். இரண்டு முறை மெல்லச் சுண்டிவிட்டு அப்படியே நிறுத்துங்கள். பெரும்பாலும் அது நிற்கும் நேரத்தில்தான் மீன் கொத்தும்.

கேள்வி: ஏரியின் நடுவில், ஆழமான இடத்தில்தான் துளை போட வேண்டும் என்று நண்பர் சொல்கிறார். சரியா?

ரெயின்போ, ப்ரூக் என்ற ட்ரவுட் வகைகளைப் பொறுத்தவரை சரியில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பனியில் வெறுங்கையோடு திரும்புகிறவர்களில் பலர் தவறுவது இங்கேதான்.

தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதனால் குளிர்காலத்தில் ஏரி தலைகீழாகிவிடுகிறது: பனியை ஒட்டிய நீர் பூஜ்ஜியத்துக்கு அருகிலும், அடித்தள நீர் 4 டிகிரிக்கு அருகிலும் இருக்கும். வெப்பத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் மீன் கீழேதான் இருக்க வேண்டும். ஆனால் ட்ரவுட்டின் இடத்தைத் தீர்மானிப்பதில் வெப்பத்துக்கு இணையாக ஆக்சிஜனும் இரையும் உண்டு.

குளிர்நீரில் ஆக்சிஜன் நிறையவே கரையும். 20 டிகிரியில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிடிக்கும் நீர், பூஜ்ஜியத்தில் 14 மில்லிகிராமுக்கு மேல் பிடிக்கும். ஏரி உறையும்போது அந்த இருப்போடுதான் மூடிக்கொள்கிறது. மூடிய பிறகு காற்றிலிருந்து புதிதாக எதுவும் சேராது. பனிக்கட்டியின் மேல் பொழிபனி குவிந்தால் வெளிச்சமும் உள்ளே போகாது, நீர்ச்செடிகள் ஆக்சிஜன் தயாரிப்பதை நிறுத்திவிடும். அடியில் அழுகும் இலைதழைகள் இருப்பதைத் தின்றுகொண்டே இருக்கும். இப்படி ஆக்சிஜன் முதலில் குறைவது அடித்தளத்தில்தான்.

இதை வைத்து மீனைத் தேடுங்கள். ஏரி புதிதாக உறைந்த வாரங்களில் எங்கும் ஆக்சிஜன் இருக்கும், இரை கரையோரப் பூண்டுகளில் இருக்கும். அப்போது ஒன்றரை மீட்டர் முதல் மூன்று மீட்டர் ஆழமுள்ள கரையோரத்தில் துளை போடுங்கள். குளிர்காலத்தின் நடுவில் ரெயின்போ பனிக்குச் சற்றுக் கீழேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஐந்து மீட்டர் ஆழத்துக்கு மேலே துளை போட்டிருந்தாலும் தூண்டிலை ஒரு மீட்டரில் நிறுத்திப் பாருங்கள். தரைவரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேலே மீன் போய்க்கொண்டிருக்கும்.

ஆழம் குறைந்த இடத்தில் சத்தமும் வெளிச்சமும் மீனை விரட்டும். போட வேண்டிய துளைகளையெல்லாம் முதலிலேயே போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் விலகி இருங்கள். துளை வழியே இறங்கும் வெளிச்சத்தை மறைக்க, தூண்டில் நரம்பு போக இடம்விட்டு, மேலே கொஞ்சம் பனித்தூளைத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: பனிக்கட்டி எத்தனை அங்குலம் கனமாக இருந்தால் பயமில்லாமல் நடக்கலாம்?

தெளிவான, புதிய, கண்ணாடி போன்ற பனிக்கட்டி என்றால் ஒருவர் நடக்கக் குறைந்தது 4 அங்குலம், அதாவது 10 சென்டிமீட்டர் வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. வெண்மையாக இருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு. பனி பொழிந்து, அதன் பாரத்தில் கட்டி அமுங்கி, மேலே ஏறிய நீரோடு சேர்ந்து உறைந்ததுதான் வெண்பனிக்கட்டி. அதில் காற்றுக்குமிழ்கள் நிறைந்திருக்கும், பலம் பாதிதான்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஒரே ஏரியில் நான் நிற்கும் இடத்தில் ஓரடி கனம் இருக்க, கொஞ்ச தூரத்தில் ஊற்று பொங்கும் இடத்தில் மூன்று அங்குலம்கூட இல்லாததைப் பார்த்திருக்கிறேன். ஓடை வந்து சேரும் வாய், ஏரி வடியும் வாய், இரண்டு கரைகள் நெருங்கும் இடுக்கு, நீரில் நிற்கும் மரக்கட்டை, நாணல் புதர் இவற்றைச் சுற்றியெல்லாம் சந்தேகப்படுங்கள். பனி மூடிய இடத்தில் இன்னும் சந்தேகப்படுங்கள். பொழிபனி போர்வைபோலக் குளிரைத் தடுத்துவிடுவதால் கீழே கட்டி தடிக்காது.

கடப்பாரை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, முன்னால் ஓங்கிக் குத்திக் குத்தி நடங்கள். ஒரே குத்தில் நீர் வந்தால் வந்த தடத்திலேயே திரும்புங்கள். பருவத்தின் கடைசியில் கனத்தை நம்பவே கூடாது. வெயிலில் உள்ளுக்குள் உருகிச் செங்குத்துக் குச்சிகளாகப் பிரிந்த கட்டி ஓரடி இருந்தாலும் ஆளைத் தாங்காது. அந்த நேரத்தில் உருகுநீர் கொண்டுவரும் ஆக்சிஜனைத் தேடி ட்ரவுட் கூடுவதும் ஓடை வாயில்தான் என்பது வேதனை. மீன் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். நான் போகமாட்டேன்.

கேள்வி: உடைந்து உள்ளே விழுந்துவிட்டால்?

மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீர் மனித உடலை என்ன செய்கிறது என்பதை ஆராய்ந்தவர். அவர் பரப்பிய 1-10-1 என்ற கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதல் 1 நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும். அப்போது செய்ய வேண்டியது தலையை நீருக்கு மேலே வைத்து மூச்சைச் சீராக்குவது மட்டுமே. அடுத்த 10 நிமிடம் கைகால் உங்கள் பேச்சைக் கேட்கும். அதற்குள் வெளியேறப் பாருங்கள். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். விழுந்ததுமே எல்லாம் முடிந்தது என்ற பீதிதான் பலரைக் கொல்கிறது.

வந்த திசைக்கே திரும்புங்கள், உங்களைத் தாங்கிய கட்டி அங்கேதான் இருக்கிறது. கால்களை நீந்துவதுபோல் உதைத்து உடலைக் கிடையாக்கி, மேலே வழுக்கி ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டு விலகுங்கள். ஈரப் பனியில் வெறும் விரல் பிடிக்காது. இரண்டு கைப்பிடிகளில் கூர் ஆணி பதித்த பனிக்குத்தியைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்க வேண்டும், பையில் இருந்தால் பயனில்லை. மிதவைச் சட்டையும் கூட ஓர் ஆளும் இல்லாமல் நான் பனியில் கால் வைப்பதில்லை.

கேள்வி: துளை வரை வந்த மீன் அங்கே நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஏன்?

வெளிச்சத்தைக் கண்டதும் ட்ரவுட் கடைசியாக ஓர் ஓட்டம் ஓடும். நரம்பு துளையின் கூர் விளிம்பில் உரசி அறும். உடனே கோலின் நுனியை நீருக்குள் தாழ்த்துங்கள், விளிம்பில் படாது. நரம்பு சுற்றிய சுருளின் பிடியைத் தளர்வாக வைத்திருங்கள். ஓடட்டும். தலை துளைக்கு நேராகத் திரும்பிய கணத்தில் மட்டும் மேலே தூக்குங்கள்.

கேள்வி: பிடித்த மீனைத் திரும்ப விடுகிறேன். ஆனாலும் அது பிழைக்குமா என்ற சந்தேகம்.

நல்ல சந்தேகம். உறைநிலைக்குக் கீழே உள்ள காற்றில் ஈரச் செவுள் சீக்கிரமே உறையத் தொடங்கும், கண்ணும் அப்படியே. பனியின் மேல் மீனைப் புரளவிட்டால் உடம்பைக் காக்கும் வழுவழுப்பு உரிந்துபோகும். இவ்வளவும் நடந்த பிறகு அது துடிப்போடு நீந்திப் போவதைப் பார்த்துத் திருப்திப்படுகிறோம். பாதிப்பு பிறகு தெரியும், நம் கண்ணில் படாது.

எனவே விடுவதா, வைத்துக்கொள்வதா என்பதைத் தூண்டிலை இறக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். விடுவதென்றால் கொளுவி (நுனியில் பின்னோக்கி நீட்டும் கூர்) இல்லாத ஒற்றை முள்ளைப் போடுங்கள். மீனைத் துளை நீரிலேயே வைத்து, இடுக்கியால் முள்ளைக் கழற்றி விடுங்கள். முள்ளை விழுங்கியிருந்தால் தோண்டாமல் நரம்பை அறுத்துவிடுங்கள். படம் எடுப்பதை நான் கடுங்குளிரில் அறவே விட்டுவிட்டேன், உங்களையும் விடச் சொல்கிறேன். சட்டம் அனுமதிக்கும் அளவில் சாப்பாட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு தூண்டிலைச் சுருட்டுவது, நாள் முழுக்கப் பிடித்துப் பிடித்து விடுவதைவிட நேர்மையானது என்பது என் எண்ணம்.

கேள்வி: லேக் ட்ரவுட்டுக்கும் இதே முறைதானா?

இல்லை. அது பத்து, இருபது மீட்டர், அதற்கும் கீழே திரியும், பொடிமீன்களைத் தின்னும். பெரிய தூண்டில், வலுவான நரம்பு வேண்டும். மிக மெதுவாக வளரும், முட்டையிடும் பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் ஆகும். நாற்பது ஆண்டைத் தாண்டி வாழ்ந்தவையும் உண்டு. ஆகவே பெரியதை விட்டுவிடுங்கள். ஆழத்திலிருந்து இழுக்கும்போது அவசரம் வேண்டாம். ட்ரவுட்டின் காற்றுப்பை தொண்டையோடு இணைந்திருப்பதால், நேரம் கொடுத்தால் அது காற்றைத் தானே வெளியே விடும். பாதி வழியில் சற்று நிறுத்துங்கள். துளையில் குமிழ்கள் வந்த பிறகு மீதியை இழுங்கள்.