மூடிக் கிடந்த பர்கர் கடை மறுபடி திறந்தால்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊரில் ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த பர்கர் கடையை மறுபடி திறந்திருக்கிறார்கள். பெயர்ப்பலகை அதேதான். ருசியும் அதேபோல இருக்குமா? உடனே போகலாமா, பொறுக்கலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். பலகை பழையதாக இருக்கலாம். ருசி இருப்பது கறி வாட்டும் கல்லிலும் பன்னிலும் சமைக்கிறவர் கையிலும். மூடிக் கிடந்த கடையில் கல் துருப்பிடித்திருக்கும். அதைத் தேய்த்தோ, புதிதாக மாற்றியோதான் திறப்பார்கள். புதுத் தோசைக்கல்லைப் போல அதுவும் பழக வேண்டும். எண்ணெய் திரும்பத் திரும்பச் சூட்டில் இறுகி மெல்லிய படலமாகப் படிந்த பிறகுதான் சிக்கன் பேட்டி (பன்னுக்கு நடுவில் வைக்கும், கொத்துக்கறியை வடைபோலத் தட்டிய துண்டு) ஒட்டாமல் கிளம்பும். அதுவரை அடிப்பக்கத்துப் பழுப்புத் தோல் பிய்ந்து கல்லோடு நின்றுவிடும். பர்கரின் மணமே அந்தத் தோலில்தான் இருக்கிறது.

போகிற அன்று சனி, ஞாயிறு இரவு வேண்டாம். கூட்ட நேரத்தில் முன்கூட்டியே பொரித்து அடுக்கிவிடுவார்கள். வார நாளில் மாலை ஆறு மணி வாக்கில் போய், சீஸும் சாஸும் அதிகம் சேராத எளிய பர்கரைக் கேளுங்கள். சாஸ் குறைந்தால் எதையும் மறைக்க முடியாது. கல்லில் வாட்டிய பேட்டியாக இருந்தால் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் இருந்தால் கல் காயவில்லை, அல்லது ஒரே நேரத்தில் நிறையப் போட்டுவிட்டார்கள். கடித்தால் ரப்பர்போல எகிறுகிறதா? கொத்துக்கறியில் உப்பை முன்னதாகவே பிசைந்து வைத்திருக்கிறார்கள். உப்பு கறியின் புரதத்தைக் கரைத்துப் பசையாக்கிவிடும். வெந்ததும் சாசேஜ்போல இறுகும். உப்பைக் கல்லில் போடும்போது மேலே தூவுவதுதான் சரி.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்களா, சுத்திகரிப்பானின் வடிகட்டியை மாற்றினார்களா? மாதக்கணக்கில் குழாயில் தேங்கிய தண்ணீர்தான் ஐஸ் கட்டியாகவும் ஜூஸாகவும் வரும். பதில் மழுப்பலாக இருந்தால் மூடியிட்ட பாட்டில் பானமே போதும்.

கேள்வி: சிக்கன் பர்கரின் நடுவில் இளஞ்சிவப்பாக இருந்தது. வேகவில்லை என்று அர்த்தமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வெந்த கோழியும் சில சமயம் சிவந்திருக்கும், வேகாததும் வெளுத்திருக்கும். கணக்கு சூடுதான்: நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். கொத்துக்கறியில் இது இன்னும் முக்கியம். முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். அரைக்கும்போது அது உள்ளே கலந்துவிடுகிறது.

உறைந்த பேட்டியைப் பொரிக்கும் கடைகளில் நடப்பது வேறு. 175–180 டிகிரியில் நிதானமாகப் பொரிக்க வேண்டியதை, அவசரத்தில் எண்ணெயை அதிகம் காய்ச்சிப் போடுவார்கள். மேலே பொன்னிறம், நடுவில் சில்லென்று இருக்கும். ஆகவே முதல் கடிக்கு முன் இரண்டாகப் பிட்டுப் பாருங்கள். நடுவில் ஆவி வராமல் கொழகொழவென்று இருந்தால், “நடுவுல வேகல தம்பி, வேற போட்டுக் குடுங்க” என்று தயங்காமல் சொல்லுங்கள். மைக்ரோவேவில் சூடு காட்டித் தந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: மயோனைஸ் சாப்பிடலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: பச்சை முட்டையில் அடித்த மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சால்மொனெல்லா கிருமிதான் காரணம். தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நம் வெயிலுக்கு ஆகாத பண்டம். முட்டை சேராத பாக்கெட் மயோனைஸா என்று கேளுங்கள். அதுவும் பிரித்தபின் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். மேஜைமேல் காலையிலிருந்து நிற்கும் பிழிபாட்டிலைத் தொடவேண்டாம்.

கேள்வி: பார்சல் வீட்டுக்கு வருவதற்குள் பன் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. என்ன செய்வது? (வாசகர், மதுரை)

பதில்: நீராவி வெளியேற வழியில்லாததுதான் காரணம். அலுமினியத் தாளில் சுற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். அட்டைப்பெட்டியின் மூடியை ஓரமாகத் திறந்து வையுங்கள். சாஸும் தக்காளியும் தனியாக வாங்குங்கள். பன்னின் வெட்டிய பக்கத்தை வெண்ணெயில் நன்றாக வாட்டச் சொன்னால் சாறு சீக்கிரம் ஊறாது. உருளைக்கிழங்கு வறுவலைத் தனிக் காகிதப்பையில் வாய் திறந்தபடி கொண்டுவாருங்கள். வீட்டில் பன்னைத் தோசைக்கல்லில் வெட்டிய பக்கம் கீழாக இளந்தீயில் ஒரு நிமிடம், பேட்டியைத் தனியாக மூடிபோட்டு மூன்று நான்கு நிமிடம் வையுங்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற நாளில் பார்சல் ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே இருக்கக் கூடாது.

கேள்வி: பில்லில் சேவைக் கட்டணம் என்று போட்டிருந்தார்கள். கட்டாயமா? (வாசகர், சேலம்)

பதில்: இல்லை. பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். அதே பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இருக்க வேண்டும். கடையை வேறொருவர் விலைக்கு வாங்கித் திறந்திருந்தால் பழைய முதலாளியின் எண் செல்லாது. புதியவர் தன் பெயரில் உரிமம் எடுத்திருக்க வேண்டும்.