தலையோடு நகரும் பலகை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

செல்பேசிச் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பவன் நான். இப்போது மெய்நிகர் உலகத்துக்கான மெனுக்களைச் செய்யும் வேலை வந்திருக்கிறது. செல்பேசியின் மெனுப் பலகையையே பெரிதாக்கி, தலை எங்கே திரும்பினாலும் கண்ணெதிரே கூடவே வரும்படி வைத்தேன். சோதித்தவர்கள் கண் வலிக்கிறது, கை கடுக்கிறது என்று, மெய்நிகர் உலகத்தைக் காட்டும், கண்ணை மூடி அணியும் ஹெட்செட்டைக் கழற்றிவிடுகிறார்கள். எங்கே தவறு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பலகையைத் தலையிலிருந்து அவிழ்த்துவிடுங்கள். ஒன்றின் ஓரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நாம் தலையைத் திருப்புவோம். உங்கள் பலகையோ திருப்பத் திருப்ப விலகிப் போகிறது. மூலையிலுள்ள பொத்தானை விழியை ஒதுக்கித்தான் பார்க்க வேண்டும். அங்கே லென்ஸின் ஓரத்தில் எழுத்தும் மங்கல். பலகை அறைக்குள் ஓரிடத்தில் நிற்கட்டும்.

அடுத்தது தூரம். இன்றைய பெரும்பாலான ஹெட்செட்களில் காட்சி குவியும் தூரம் மாறாதது. ஏறத்தாழ ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர். பலகை முகத்துக்கு அருகே வந்தால் இரு விழிகளும் உள்நோக்கித் திரும்புகின்றன, ஆனால் விழிக்குள் இருக்கும் லென்ஸ் தொலைவிலேயே குவிந்திருக்க வேண்டியிருக்கிறது. இந்த முரண் கண்ணைச் சோர்வடையச் செய்வதை ஹாஃப்மன், பேங்க்ஸ் முதலான ஆய்வாளர்கள் 2008-இல் சோதித்துக் காட்டினார்கள். எனவே படிக்க வேண்டியதை அந்த ஒன்றிரண்டு மீட்டர் தூரத்தில், கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். பிக்சல் கணக்கையும் விட்டுவிடலாம். கூகுளின் மெய்நிகர் தளமான டேட்ரீமின் குழு 2017-இல் முன்வைத்த அலகு ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மீட்டர் தூரத்தில் இரண்டு மில்லிமீட்டர். அதாவது கண்ணில் அது பிடிக்கும் கோணம்தான் அளவு.

கை விஷயத்தில்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. மார்புக்கு நேரே கையை நீட்டிப் பொத்தான் அழுத்துவதை எந்தத் தோளும் நெடுநேரம் தாங்காது. 2016-இல் வந்த டில்ட் பிரஷ் என்ற மெய்நிகர் ஓவியச் செயலியைப் பாருங்கள்: ஒரு கையில் தூரிகை, மறு கையில் எல்லாக் கருவிகளும் அடங்கிய பலகை. இரண்டையும் மடிக்கு அருகிலேயே வைத்து வேலை செய்யலாம். கண்ணை மூடினாலும் நம் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். அந்த அறிவின்மேல் எழுப்பிய மெனு அது. இடக்கைக்காரர் கைகளில் பிடித்திருக்கும் இரண்டு கன்ட்ரோலர்களின் (இயக்கும் கருவிகளின்) அடிப்பகுதியையும் ஒன்றோடொன்று தட்டினால் தூரிகை கை மாறிவிடும். அமைப்புகளுக்குள் போய்த் தேட வேண்டியதில்லை. இதுபோன்ற அக்கறையைத்தான் நல்ல வடிவமைப்பு என்பேன்.

2024-இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோ ஹெட்செட் வேறு வழியில் போகிறது. கண் பொத்தானைத் தேர்கிறது, மடியில் கிடக்கும் கை இரு விரல்களைச் சேர்த்து அழுத்துகிறது. பார்வையே அழுத்தவும் செய்தால் பார்த்ததெல்லாம் திறந்துகொள்ளும். அதனால்தான் இந்த வேலைப் பங்கீடு.

பலகையை மாற்றிய பிறகு, உயரம் குறைந்த ஒருவர், நாற்காலியில் அமர்ந்தபடியே பயன்படுத்தும் ஒருவர், மூக்குக்கண்ணாடி அணிந்த ஒருவர் ஆகியோரிடம் முதலில் கொடுத்துப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று மறக்காமல் எழுதுங்கள்.