கிறிஸ்மஸ் லீவில பாரிஸ் பத்திசெரியள் பாக்கப் போற தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் எழுதியிருந்தியள், செப்டெம்பரில படிக்க வந்தனான், லீவுக்கு ரெண்டு சிநேகிதப் பிள்ளையளோட மூண்டு நாள் பாரிஸில நடந்து திரிஞ்சு பத்திசெரிக் கடையளில கேக், பேஸ்ற்றி வகையளும் சுடச்சுடக் குடிக்கிற சாமானும் ருசி பாக்கப் போறம், எந்தக் கடை நல்லது, எவ்வளவு காசு முடியும், நான் சைவம் எனக்கு என்ன கிடைக்கும், எந்த பாஸ் எடுக்கிறது, என்ன ஜக்கெற் போடுறது எண்டெல்லாம் கேட்டிருந்தியள். பாஸ் விசயம் மெற்றோ கவுண்டரில கேளுங்கோ, நவிகோ எண்ட அந்தப் பாஸ் பற்றி என்னைவிட அவைக்கு நல்லாத் தெரியும். ஜக்கெற்றை விடுங்கோ, சப்பாத்தைப் பாருங்கோ, ஈரம் உள்ள போகாத சப்பாத்தும் ரெண்டு சொக்ஸும் இருந்தால் மிச்சம் சமாளிக்கலாம். நான் சொல்ல வாறது வேற.

முதல் விசயம், கடைக்குள்ள போன உடன "பொன்ஜூர்" சொல்லோணும். சிரிக்காதேங்கோ. எங்கட ஊரில கடைக்குப் போனால் "அண்ணை ஒரு றாத்தல் பாண்" எண்டு நேர விசயத்துக்கு வருவம், அதில ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. இஞ்ச அப்பிடிக் கேட்டால் கடையில நிக்கிற மனிசி உங்களைக் காத்தைப் பாக்கிற மாதிரிப் பாக்கும், பேந்து நீங்கள் வெளியில வந்து அவை துவேசம் பிடிச்சவை எண்டு வீடியோ போடுவியள். துவேசம் இல்லை எண்டு நான் சொல்லேல்லை, இருக்கு, நிறையக் கண்டிருக்கிறன், ஆனா பாதி இடத்தில அது இந்த ஒரு சொல்லின்ர பிரச்சினைதான். எனக்கு இது விளங்க ஆறு மாசம் எடுத்தது, ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. எங்கட ஆக்களுக்கு உப்பிடிச் சின்ன விசயம் தெரிஞ்சாலும் மற்றவனுக்குச் சொல்லாயினம், அவனும் கஷ்டப்பட்டுப் படிக்கட்டும் எண்டு ஒரு எண்ணம்.

இரண்டாவது, நீங்கள் சைவம் எண்டபடியால இதை வடிவா வாசியுங்கோ. முட்டையும் சாப்பிடமாட்டியள் எண்டால் கேக் வகையளை அப்பிடியே மறந்திடுங்கோ, பகெத் எண்ட நீட்டுப் பாணோட நில்லுங்கோ, அது மா, தண்ணி, உப்பு, ஈஸ்ற் அவ்வளவுதான். முட்டை பரவாயில்லை எண்டாலும் கண்ணாடி அலுமாரிக்குள்ள மினுமினுவெண்டு இருக்கிற மூஸ் கேக்குகள், பவருவா, கிமோவ் எண்டு பஞ்சு மாதிரி ஒரு இனிப்பு, இதெல்லாத்திலயும் ஜெலற்றீன் இருக்கும், கனக்க இடத்தில அது பண்டித் தோலில இருந்து எடுக்கிறது. கேளுங்கோ, கேக்கிறதில வெக்கமில்லை. கிஷ் லொறேன் எண்டால் பண்டி இறைச்சித் துண்டு போட்டதுதான். பிரியோன் எண்டு எங்கட பற்றிஸ் மாதிரி வடிவா மடிச்சு வைச்சிருப்பாங்கள், ஊர் ஞாபகத்தில கைநீட்டி வேண்டிப்போடாதேங்கோ, கனக்க அதுக்குள்ள இறைச்சி. நான் வேண்டினனான். வெள்ளிக்கிழமை வேற.

மற்றது சாராயம். மொன்ரொர்கெய் தெருவில ஸ்தோறேர் எண்டு ஒரு கடை, 1730 ல துவங்கினது, பாரிஸில இருக்கிற பத்திசெரிகளில அதுதான் ஆகப் பழசு எண்டு சொல்லுவினம், போலந்து ராசாவின்ர மகள் பிரெஞ்சு ராசாவைக் கட்டி வரேக்க கூட வந்த சமையல்காரன் போட்ட கடை. அங்க பாபா எண்ட கேக்கைக் கேட்டால் றம்மில ஊறப்போட்டுத்தான் தருவினம், நாங்கள் குலாப் ஜாமுன் பாணியில போடுற மாதிரி. கனெலே எண்ட கறுத்தச் சின்னக் கேக்கிலயும் றம் இருக்கு. குளிருக்கு நல்லம் எண்டு தெருவில பெரிய அண்டாவில வைச்சு ஆவி பறக்க விக்கிறது வான் ஷோ, அது வைன், கறுவாவும் கராம்பும் போட்டிருக்கிறபடியால மணம் எங்கட வீட்டு மணம் மாதிரி வந்து இழுக்கும். குடிக்கிறதும் விடுறதும் உங்கட விருப்பம், நான் ஆருக்கும் புத்தி சொல்ல வரேல்லை, ஆனா தெரியாமல் குடிக்கக்கூடாது.

தேத்தண்ணி கேட்டுக் கவலைப்படாதேங்கோ. ஒரு கோப்பை சுடுதண்ணியும் ஒரு டீ பாக்கும் கொண்டுவந்து வைப்பினம், பால் கேட்டால் குளிர்பால் சின்னக் குவளையில வரும், காசு நாலு யூரோ, அஞ்சு யூரோ. எனக்கு முப்பது வருசமா இந்தக் கோபம் ஆறேல்லை. ஒரு பிளாஸ்கில இஞ்சி போட்டுப் பிளேன்ரீ ஊத்தி பாக்குக்குள்ள கொண்டுபோங்கோ, கால்வாய்க் கரையில இருந்து குடிக்கலாம். கோப்பி எண்டால் நிண்டு குடியுங்கோ. கபேயில மேசையில இருந்தால் ஒரு விலை, கொந்துவார் எண்ட அந்த உயர்ந்த பலகைக்குப் பக்கத்தில நிண்டு குடிச்சால் அதைவிடக் குறைய, விலைப்பட்டியலில ரெண்டும் எழுதியிருக்கும். வெறுமன "கபே" எண்டால் ரெண்டு வாய் கசப்புத்தான் வரும், பால் வேணும் எண்டால் "கபே கிறேம்". கோப்பி ஒண்டு எடுத்தால் அவையின்ர கழிவறைக்கும் போகலாம், குளிருக்குள்ள நடக்கேக்க அதுதான் பெரிய விசயம், பத்திசெரிகளில பெரும்பாலும் அந்த வசதி இராது. தெருவில இருக்கிற சாம்பல் நிறப் பெட்டி மாதிரிக் கழிவறையள் 2006 ல இருந்து இலவசம்.

இனி கடை. எல்லாப் பெடியளும் போனில ஒரே பட்டியலை வைச்சுக்கொண்டு ஒரே வரிசையில நிக்குதுகள். றிவொலி வீதியில ஆஞ்செலினா, 1903 ல துவங்கினது, அங்கத்தைய சொக்லேற் கரண்டியால அள்ளிக் குடிக்கிற தடிப்பு, ஒருக்காக் குடிச்சுப் பாக்கலாம், மூண்டு பேருக்கு ரெண்டு கோப்பை தாராளம். கார் து லெஸ்த் றெயின் நிலையத்தில இருந்து கால்வாய்ப் பக்கம் நடந்தால் டு பான் எ தே ஸிதே எண்ட கடை, அங்க பிஸ்தாவும் சொக்லேற்றும் வைச்சுச் சுருட்டின எஸ்கார்கோ எண்டு ஒண்டு, நத்தை மாதிரிச் சுத்தியிருக்கிறபடியால அந்தப் பேர், பயப்பிடாதேங்கோ நத்தை இல்லை. சனி ஞாயிறு பூட்டு, வேலை நாளில போகோணும். இதுக்கு மேல நான் கடை சொல்லமாட்டன், ஏனெண்டால் நல்ல கடை எங்கயும் இருக்கு, பாக்கத் தெரியோணும்.

எப்பிடிப் பாக்கிறது எண்டால், பூலான்ஜெறி, அதாவது பாண்கடை எண்டு போட் போட்டிருந்தால் பாண் அந்த இடத்திலயே குழைச்சுப் புளிக்கவைச்சுச் சுட்டதா இருக்கோணும், 1998 ல சட்டம் வந்தது. ஆனா அந்தச் சட்டம் பாணுக்கு மட்டும். குறுவாசோன் எண்ட படைபடையான பட்டர்ப் பேஸ்ற்றியைப் பெட்டியில ஐஸா இறக்கி போறணைக்குள்ள வைச்சுச் சுட்டு வித்தாலும் போட்டைக் கழட்டச் சொல்ல ஏலாது, கனக்கக் கடை அப்பிடித்தான் செய்யுது. எல்லாம் ஒரே அச்சில வாத்த மாதிரி ஒரே நீளம், ஒரே நிறமா இருந்தால் பெட்டிச் சாமான். கையால செய்தது ஒண்டு கொஞ்சம் கோணியிருக்கும், கடிக்கேக்க உங்கட ஜக்கெற் முழுக்கக் கொட்டும், உள்ளுக்குத் தேன்வதை மாதிரி ஓட்டை இருக்கும். மாவுக்குள்ள பட்டர்த் தகட்டை வைச்சு மூண்டா மடிச்சு உருட்டி, திருப்பி மூண்டா மடிச்சு, திருப்பி ஒருக்கா, 27 படை பட்டர் வரும், போறணைக்குள்ள ஈரம் ஆவியாகி ஒவ்வொரு படையையும் தூக்கும். பட்டர் உருகி மாவோட கலந்திட்டால் படை இல்லை, பணிஸ்தான். அதால வெக்கை காலத்தில மா மடிக்கிறவன் பாவம், குளிர்காலத்தில வடிவா வரும். ஆகவே உங்கட லீவு சரியான நேரம்தான்.

உதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும் எண்டால், பதினொரு வருசம் இரவு வேலை அதுதான் செய்தனான். வெதுப்பகம் எண்டு இப்ப வடிவாத் தமிழில எழுதுகினம், நாங்கள் கீழ வேலை செய்யேக்க அதைக் கிடங்கு எண்டுதான் சொன்னனாங்கள்.

நான் வந்தது 1995 ஒக்ரோபர். எங்கட ஆக்களின்ர கடையள் இருக்கிற லாச்சப்பல் பக்கம் ஒரு அறையில எட்டுப் பேர், முறை வைச்சுப் படுக்கிறது. மொன்பர்னாஸ் பக்கம் ஒரு ரெஸ்ரோறன்ரில கோப்பை கழுவுற வேலை, விசா இல்லை, களவாத்தான். வந்து ஒரு மாசத்தில சண்டையால யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தால நடந்தது, அம்மா அப்பா எங்க நிக்கினம் எண்டு தெரியாது, ரெலிபோன் எடுக்க ஒரு இடமும் இல்லை. அதுக்கு மேல இஞ்ச நவம்பர் கடைசியில பெரிய வேலைநிறுத்தம் துவங்கினது, பெரியாக்களைக் கேட்டுப் பாருங்கோ, மூண்டு கிழமை அளவில மெற்றோ இல்லை, றெயின் இல்லை, பஸ் இல்லை. வெள்ளைக்காரனும் நடந்தான், சைக்கிள் ஓடினான், நானும் நடந்தனான், போக ஒண்டரை மணித்தியாலம், இரவு ஒரு மணிக்கு வேலை முடிச்சுத் திரும்பி வர ஒண்டரை மணித்தியாலம். சப்பாத்துக்குள்ள பேப்பர் மடிச்சு வைச்சிருப்பன்.

அப்ப போபூர் சென் தெனி தெருவில வரேக்க ஒரு இடத்தில நடைபாதையோட ஒட்டின கம்பிக் கதவால சுடுகாத்து வரும். அந்தக் காலத்துக் கடையளில போறணை நிலத்துக்குக் கீழ, காத்துப் போறதுக்கு வீதியோட ஒரு கம்பி ஜன்னல். நான் அதுக்கு மேல ரெண்டு காலையும் வைச்சு நிப்பன், பத்து நிமிசம் பதினைஞ்சு நிமிசம், காற்சட்டை சூடேறும், பாண் மணம் மூக்குக்குள்ள போகும், வயித்துக்குள்ள ஒண்டும் இல்லை. பகலில அந்தக் கடைக்குள்ள போக வெக்கம், என்ன பேர் சொல்லிக் கேக்கிறது? ஒரு கிழமை இப்பிடி நிண்டிருப்பன். ஒருநாள் கீழயிருந்து ஒரு குரல், "ஆரடா உது விசரன், காத்தை மறைச்சுக்கொண்டு நிக்கிறான்." சுத்தமான வடமராட்சித் தமிழ். அந்தாள் தனக்குத்தானே பேசினவர், மேல நிக்கிறவனுக்கு விளங்கும் எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்? நான் குனிஞ்சு "அண்ணை நான் தமிழ்" எண்டன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பேந்து "அப்ப ஏன் மேல நிக்கிறாய், பின்பக்கத்தால இறங்கி வா" எண்டார்.

அண்டைக்குச் சாப்பிட்ட மாதிரிக் குறுவாசோன் நான் பேந்து சாப்பிடேல்லை, அது ஓரம் கருகி விக்க ஏலாமல் ஒதுக்கினது. அந்தாள்தான் எனக்கு மா மடிக்கப் பழக்கினது. முதலாளி வேற கதை, நாலு மணித்தியாலம் கூட வேலை வாங்கிப்போட்டு விசா இல்லாதவனுக்கு என்ன கணக்கு எண்டு கேட்டவர், அதை இப்ப கிளறி என்ன. மாத்தூசி நெஞ்சில இறங்கிற இழுப்பு வருத்தத்தோட ரெண்டு பேரைக் கண்டிருக்கிறன், எனக்கு வரேல்லை.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், இப்ப வந்த பிள்ளையள் சிலது குறுவாசோனைத் தட்டில வைச்சுப் படம் எடுத்துப்போட்டு "பிரெஞ்சுக்காரன் கைப்பக்குவம்" எண்டு எழுதுதுகள். எழுதட்டும். ஆனா விடிய ரெண்டு மணிக்குக் கீழ நிண்டு மடிச்சவன் ஊர்க்காரனா இருக்கலாம். 2023 ல பாரிஸின்ர ஆகச் சிறந்த பகெத் போட்டியில முதலாவதா வந்தது ஆர் எண்டு பாருங்கோ, 20 ஆம் வட்டாரத்தில கடை வைச்சிருக்கிற தர்ஷன் செல்வராஜா, இலங்கையில பிறந்து 2006 ல இஞ்ச வந்தவர், ஒரு வருசம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் குடுத்தவர். அண்டைக்கு நான் சிலோன் கடையில நிண்டு அந்தச் செய்தியைப் பாத்தனான், ஆளை எனக்குத் தெரியாது, ஆனாலும் நிண்டவன் எல்லாருக்கும் கோப்பி வேண்டிக் குடுத்தன், மனிசி பேசினது. முப்பது வருசமா லாச்சப்பலை விட்டு வெளியில போகாமல் "வெள்ளையன்ர சாப்பாட்டில என்ன இருக்கு" எண்டு கதைச்சுக்கொண்டிருக்கிறவையும் அண்டைக்குப் பெருமைப்பட்டவை, அதுதான் எனக்குச் சிரிப்பு.

ஜனவரி வரைக்கும் நிப்பியள் எண்டால் கலெத் தெ றுவா ஒருக்கா வேண்டுங்கோ, ஜனவரி 6 ஐச் சுத்தி வாற வட்டமான பாதாம் உள்ளீடு வைச்ச பேஸ்ற்றி, மூண்டு பேருக்குச் சின்னது காணும். சில இடத்தில உள்ளுக்கு ஒரு சொட்டு றம் விடுவினம், கேட்டு வேண்டுங்கோ. உள்ள பீங்கான் பொம்மை ஒண்டு ஒளிச்சு வைச்சிருக்கும், ஆற்ற துண்டில வருதோ அவைக்குக் கடதாசி முடி. மெதுவாக் கடியுங்கோ, எனக்கு ஒரு கடைவாய்ப்பல் பாதி போனது, செய்தவனே கடிச்சு உடைச்சவன் நான்தான். பொம்மையை ஓரத்தோட வைக்கோணும், நடுவில வைச்சால் கத்தியில தட்டுப்படும். வீட்டில ஆகச் சின்னப் பிள்ளை மேசைக்குக் கீழ போய் ஒளிச்சிருந்து இந்தத் துண்டு ஆருக்கு எண்டு சொல்லும், என்ர மகள் எப்பவும் தன்ர பேரைத்தான் சொல்லுவாள். அம்மா அப்பா கிளிநொச்சியில நிக்கினம் எண்டு கடிதம் வந்ததும் நான் முதல் முதல் கலெத் செய்த அந்த ஜனவரியிலதான், எண்ணிக்கைப் பிழை விட்டு ஒண்டுக்குள்ள ரெண்டு பொம்மை போட்டிட்டன், எந்த வீட்டில ரெண்டு ராசா வந்ததோ தெரியாது.

காசு கேட்டிருந்தியள். குறுவாசோன் ஒண்டரை யூரோவுக்குள்ள, பெரிய பேர் உள்ள கேக்குகள் ஆறு ஏழு யூரோவுக்கு மேல, ஒண்டை வேண்டி மூண்டாப் பிரியுங்கோ. எனக்கு இப்ப சுகர், மனிசி லாச்சியில பிஸ்கற்கூட வைக்காது. அந்த எஸ்கார்கோவின்ர பிஸ்தா இப்பவும் அதே பச்சையோ எண்டு சாப்பிட்டுப்போட்டு ஒருக்கா எழுதுங்கோ.