அப்பாவின் பிறந்த தேதி எங்கே?

கேள்வி: எனக்கு 29 வயது, ஈப்போவில் கணக்காளர். நான் மணக்கப்போகிறவர் சீனர். இரண்டு வீட்டிலும் சம்மதம். அவர் அம்மா, நாள் பார்த்துச் சொல்லும் சீனப் பெரியவரான சின்சேயிடம் போய் 2026 டிசம்பர் 20, ஞாயிறு என்று நாள் குறித்து வாங்கிவிட்டார். விருந்துக்கு உணவகத்தில் முன்பணமும் கட்டியாயிற்று. அது மார்கழி! என் அம்மா ஒரேயடியாக மறுக்கிறார். நாள் பார்க்கும்போது எங்கள் இருவர் பிறந்த நேரமும் அவர் பெற்றோர் பிறந்த வருடமும் கொடுத்தார்கள். என் பெற்றோருடையதையும் கேட்டார்கள். ‘அவர்களுக்கு இதில் நம்பிக்கை இல்லை, வேண்டாம்’ என்று சொல்லிவிட்டேன். இப்போது அந்த நாள் சீனக் கணக்கில் நாய் ஆண்டில் பிறந்தவர்களுக்கு ஆகாதாம். அப்பா பிறந்தது 1958. என்னை அழைத்துப் போகும்போதும், பெரியவர்களுக்குத் தேநீர் கொடுக்கும் சடங்கின்போதும் அவர் ஒதுங்கியிருந்தால் நல்லது என்கிறார்கள். அப்பாவும் ‘பரவால்லம்மா, நான் பின்னாடி சாப்பாட்டு வேலையைப் பாத்துக்கிறேன்’ என்று சொல்லிவிட்டதால் அதில் பிரச்சினை இல்லை. மார்கழி விஷயத்தை மாமியாரிடம் எப்படிப் பேசுவது?

பதில்: மார்கழியைப் பிறகு பார்ப்போம். ‘அதில் பிரச்சினை இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் கொஞ்சம் நில்லுங்கள்.

மகளைக் கட்டிக்கொடுக்கும் நாளில் பெற்ற தகப்பன் கொல்லைப்புறத்தில் நின்று குழம்பு கிண்ட வேண்டும். நீங்களும் மாப்பிள்ளையும் மண்டியிட்டுத் தேநீர்க் கோப்பையை நீட்டும்போது உங்கள் அம்மா மட்டும் வாங்குவார், பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். இது பிரச்சினை இல்லை, மார்கழிதான் பிரச்சினை. அப்படித்தானே?

அப்பா ‘பரவால்லம்மா’ என்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்களா? நம் அப்பாக்கள் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டக் கடன் வாங்கியபோதும் அதையேதான் சொன்னார்கள்.

சின்சே மீது தப்பில்லை. துங் ஷிங் என்கிற சீனப் பஞ்சாங்கத்தில் பன்னிரண்டு விலங்குகளும் வருடத்துக்கு மட்டுமல்ல, நாளுக்கும் வரிசையாக வரும். டிசம்பர் 20 டிராகன் நாள். அந்த மாதக் கணக்கில் அது ‘திங்’ என்னும் நிலைபெறும் நாள், கல்யாணத்துக்கு எடுப்பார்கள். ஆனால் ஒவ்வொரு விலங்குக்கும் ஆறு இடம் தள்ளி நிற்பது எதிரி. எலிக்குக் குதிரை, புலிக்குக் குரங்கு, டிராகனுக்கு நாய். அதனால்தான் கவனமாக நாள் பார்ப்பவர்கள் பெண், மாப்பிள்ளையோடு இரண்டு பக்கப் பெற்றோரின் வருடத்தையும் கேட்டு வாங்குகிறார்கள், யாருக்கும் மோதாத நாளாக எடுப்பதற்கு. உங்கள் சின்சேயிடம் இருந்தது நான்கு பேர் விவரம். அந்த நான்கு பேருக்கும் நல்ல நாளைக் கொடுத்துவிட்டார். உங்கள் அப்பா அந்தத் தாளிலேயே இல்லை. அவரை அதிலிருந்து விட்டது மாமியார் இல்லை, நீங்கள்.

‘அவர்களுக்கு நம்பிக்கை இல்லை’ என்றீர்களாம். மார்கழி என்றதும் குதிக்கிற உங்கள் அம்மாவுக்கா நாள் பார்ப்பதில் நம்பிக்கை இல்லை? சும்மா சொல்லாதீர்கள். வீட்டில் போய்க் கேட்கச் சங்கடம். இல்லையென்றால், புது வீட்டார் முன்னால் ‘எங்கள் வீட்டில் இதெல்லாம் பார்ப்பதில்லை’ என்று காட்டிக்கொள்ள ஆசை. கேட்டவர்கள் மரியாதையோடுதான் கேட்டிருக்கிறார்கள். பெற்றவர்களைக் கேட்காமலே அவர்கள் சார்பில் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தது?

சீனர்களின் வழக்கமும் உங்கள் அப்பாவை ஒதுக்கச் சொல்லவில்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய அவர்களின் சடங்கு நூலான ‘யீ லீ’யில் கல்யாணத்துக்கு ஆறு சடங்கு, ஐந்தாவது, நாள் கேட்பது. மாப்பிள்ளை வீட்டுத் தூதர் காட்டு வாத்தோடு பெண் வீட்டுக்கு வந்து, எந்த நாள் என்று பெண்ணின் தகப்பனைக் கேட்பார். அவர் ‘நீங்களே சொல்லுங்கள்’ என்று மறுத்த பிறகுதான் தாங்கள் பார்த்து வைத்த நாளை இவர்கள் சொல்ல வேண்டும். வெறும் சம்பிரதாயம்தான், இருக்கட்டும். முதலில் அவரைக் கேட்டார்கள் அல்லவா?

இன்னொன்று. 1958இல் பிறந்தவர்கள் எல்லோரும் நாய் இல்லை. அந்த வருடம் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 18. அதற்கு முன் பிறந்திருந்தால் சேவல். பிப்ரவரி 4லிருந்தே புது விலங்கைக் கணக்கிடும் சின்சேக்களும் உண்டு. இவ்வளவு நீளக் கடிதத்தில் அப்பா பிறந்த மாதமும் தேதியும் எங்கே? தெரியுமா உங்களுக்கு? அந்தக் காலத்தில் தோட்டத்தில் பிறந்த சிலருக்கு ஐசி என்கிற அடையாள அட்டையில் ஒரு தேதி, அசல் வேறு தேதி. அத்தை, பெரியப்பா யாராவது இருந்தால் போய்க் கேளுங்கள். சேவல் என்று தெரிந்தால் இந்த மோதலே கிடையாது.

நாய்தான் என்றால் நாளை மாற்றச் சொல்லுங்கள். அவர்களிடம் விஞ்ஞானம் பேசப் போகாதீர்கள். 2024 சீன ஆண்டில், பிப்ரவரி 4 வாக்கில் வரும் வசந்தத் தொடக்க நாள் விழவில்லை என்று அதை ‘விதவை வருடம்’, கல்யாணத்துக்கு ஆகாது என்றார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று சீன அரசாங்கமே சொல்லிப் பார்த்தது. 2023இல் 76.8 லட்சமாக இருந்த திருமணப் பதிவு 2024இல் 61 லட்சமாக இறங்கியது. அதற்கு வேலை, வீட்டு விலை, இளைஞர் எண்ணிக்கை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அரசாங்கத்துக்கு மசியாத நம்பிக்கையா உங்கள் வாதத்துக்கு மசியும்? அவர்கள் பாஷையிலேயே பேசுங்கள்: ‘ஆன்ட்டி, அப்பா விவரத்தை நான்தான் கொடுக்காமல் விட்டேன். இப்போது தருகிறேன், ஆறு பேருக்கும் சேர்த்துப் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.’ பஞ்சாங்கத்தை மதிக்கிற அந்த அம்மாவுக்கு இது உடனே புரியும்.

சரி, மார்கழி. தை பிறப்பது ஜனவரி 15 வாக்கில். 2027 சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6. இடையில் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் உங்கள் அம்மாவுக்கும் சின்சேக்கும் ஒத்துவரும் ஒரு நாளில் தாலியையும் தேநீரையும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டிய விருந்து டிசம்பர் 20 அன்றே நடக்கட்டும். சடங்கை ஒரு நாளும் விருந்தை வேறு நாளும் வைக்கிற சீனக் குடும்பங்கள் இங்கே நிறைய. விருந்தில் மார்கழிக்கும் வேலையில்லை, நாய்க்கும் வேலையில்லை.

மாமியாரிடம் போகும் முன் அப்பாவிடம் போங்கள். பிறந்த தேதியைக் கேளுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். மறுபடியும் ‘பரவால்லம்மா’ என்பார். தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள்.