பாதியில் நின்ற நிறுவல்: லினக்ஸ் கேள்வி–பதில்

கேள்வி: விசைத்தறிக் கூடம் நடத்துகிறேன். கணக்குக்கும் துணி வடிவமைப்புக்கும் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் உள்ள மேசைக் கணினி ஒன்றை வைத்திருக்கிறோம். சென்ற வாரம் புதுப்பித்தல் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. அன்று முதல் எந்த மென்பொருளை நிறுவப் போனாலும் 'டிபிகேஜி இடையில் தடைப்பட்டது' என்ற செய்தி வந்து நின்றுவிடுகிறது. சில வேளைகளில் 'பூட்டைப் பெற இயலவில்லை' என்றும் வருகிறது. பூட்டுக் கோப்புகளை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். அழிக்கலாமா, அல்லது உபுண்டுவையே புதிதாகப் போட்டுவிடலாமா?
– வாசகர், சென்னிமலை

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் கணினியில் எதுவும் அழிந்துவிடவில்லை. தொடங்கிய வேலை முடியாமல் நிற்கிறது, அவ்வளவுதான்.

உபுண்டுவிலும் அதன் தாயான டெபியனிலும் ஒரு மென்பொருள் பொதி இரண்டு கட்டங்களாக நிறுவப்படுகிறது. முதற்கட்டத்தில் பொதியிலுள்ள கோப்புகள் பிரிக்கப்பட்டு, அவையவை இருக்க வேண்டிய இடங்களில் வைக்கப்படுகின்றன. இரண்டாவது கட்டத்தில்தான் அந்த மென்பொருளுக்கான அமைப்புகள் எழுதப்பட்டு, அது இயங்கும் நிலைக்கு வருகிறது. பாவு உருளையைத் தறியில் ஏற்றிவிட்டதனால் மட்டும் துணி வந்துவிடாது, இழைகளைப் பிணைத்த பிறகே தறி ஓடும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உங்கள் கணினியில் மின்சாரம் நின்ற அந்த நொடியில், சில பொதிகள் பிரிக்கப்பட்டும் பிணைக்கப்படாமலும் இருந்திருக்கின்றன. டிபிகேஜி என்னும் நிறுவல் நிரல் ஒவ்வொரு பொதியும் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை ஒரு பதிவேட்டில் எழுதி வைப்பதால், விட்ட இடம் அதற்குத் தெரியும்.

ஆணைகளைத் தட்டச்சிடும் சாளரமான டெர்மினலைத் திறந்து, 'சுடோ', ஓர் இடைவெளி, 'டிபிகேஜி', ஓர் இடைவெளி, இரண்டு சிறு கோடுகளோடு ஒட்டியபடி 'கான்ஃபிகர்', மீண்டும் ஓர் இடைவெளி, ஒரு சிறு கோட்டோடு 'ஏ' என்று தட்டச்சிட்டு என்டர் விசையை அழுத்துங்கள். (இப்பகுதியில் ஆணைகளை ஒலிக்கும் விதத்தில் தமிழில் தருகிறோம், கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும்.) கடவுச்சொல்லை இடும்போது திரையில் எதுவும் தெரியாது, அதைக் கண்டு விசைப்பலகை வேலை செய்யவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பிறகு 'செட்டிங் அப்' என்று தொடங்கும் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். அவற்றில் ஒன்று, இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்கான வரியாக இருந்தால் அங்கே சற்று நேரம் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். அது இயல்பானதே. அந்த வேளையில் சாளரத்தை மூடிவிட்டால் மறுபடியும் இதே நிலைக்கு வந்துவிடுவீர்கள்.

அது முடிந்ததும் 'சுடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' என்ற ஆணையை இடுங்கள். பொதிகளை இணையத்திலிருந்து கொண்டுவரும் நிரலான ஆப்ட், விடுபட்ட சார்புப் பொதிகளை (ஒரு மென்பொருள் இயங்கத் தேவையான பிற பொதிகளை) தேடிக் கொண்டுவரும். ஆனால் 'ஒய்' விசையை அழுத்தும் முன், 'நீக்கப்படவிருக்கும் பொதிகள்' என்ற தலைப்பின் கீழ் என்ன இருக்கிறது என்று ஒரு முறை படித்துவிடுங்கள். 'உபுண்டு-டெஸ்க்டாப்' போன்ற பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால் 'என்' என்று மறுத்துவிட்டு, அந்தச் செய்தி முழுவதையும் படியெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். ஏதேனும் ஒரு பொதி 'மிக மோசமான, முரண்பட்ட நிலையில் இருக்கிறது, மறுபடி நிறுவுக' என்று செய்தி வந்தால், அந்த ஒரு பொதியை மட்டும் 'ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால்' என்ற ஆணையால் மறுபடி நிறுவினால் போதும்.

எல்லாம் சரியாயிற்றா என்று பார்க்க ஒரு வழி உண்டு. 'டிபிகேஜி -எல்' என்று இட்டால் பொதிகள் அனைத்தும் பட்டியலாக வரும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு எழுத்துகள் இருக்கும். இரண்டும் 'ஐ' என்றிருந்தால் அந்தப் பொதி நலம். 'ஐ'க்குப் பக்கத்தில் பெரிய 'யு' இருந்தால் பிரித்ததோடு நிற்கிறது. பெரிய 'எஃப்' இருந்தால் அமைப்பு பாதியில் நிற்கிறது. 'ஆர்சி' என்றிருப்பவை முன்பே நீக்கப்பட்டு அமைப்புக் கோப்பு மட்டும் மிஞ்சியவை. அவற்றால் தொல்லை இல்லை.

இனி அந்தப் பூட்டு. இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் அந்தப் பதிவேட்டில் எழுதிவிடாமல் காப்பதற்காக இருப்பது அது. பூட்டுக் கோப்பு எப்போதுமே வட்டில் இருக்கும். அது இருப்பதே பூட்டியிருப்பதற்கு அடையாளம் அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் அதைப் பிடித்திருக்கும்போதுதான் பூட்டு விழுகிறது. உபுண்டு பாதுகாப்புப் புதுப்பித்தல்களைத் தானே பின்னணியில் நிறுவிக்கொள்வதால், கணினியைத் திறந்த சில நிமிடங்களில் இந்தச் செய்தி வருவது வழக்கம்தான். செய்தியை முழுவதும் படித்தால் பிடித்திருக்கும் நிரலின் எண்ணும், 'அன்அட்டெண்டட்' என்று தொடங்கும் அதன் பெயரும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும். ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தால் பூட்டு தானே விலகியிருக்கும். அந்த நேரத்தில் கோப்பை அழித்துவிட்டு இன்னொரு நிறுவலைத் தொடங்கினால் பதிவேடே சிதைந்துபோகலாம். அதன் பிறகுதான் உண்மையில் புதிதாகப் போட வேண்டிய நிலை வரும். இந்த அறிவுரை பலராலும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுகிறது என்பதால்தான் இத்தனை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

புதுப்பித்தலில் கெர்னலும் இருந்து, கணினி முழுமையாகத் திறக்காமல் நின்றால், தொடக்கத்தில் வரும் குரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே வந்து, மேற்சொன்ன ஆணைகளை இடலாம். யுபிஎஸ் இல்லாத கணினியாக இருந்தால், மின்வாரியம் பராமரிப்புக்காக மின்நிறுத்தம் அறிவித்திருக்கும் நாளில் பெரிய புதுப்பித்தல் எதையும் தொடங்காதீர்கள்.

கேள்வி: பனியன் கம்பெனி அலுவலகத்தில் உள்ள பழைய கணினியில் உபுண்டு 24.04 போட்டிருக்கிறோம். திங்கட்கிழமை காலையில் எதையாவது நிறுவப் போனால் 'வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று வருகிறது. அலைபேசியின் இணையத்தில் இணைத்தால் சற்று நேரத்தில் சரியாகிவிடுகிறது. எங்கள் அலுவலக இணையத்தில்தான் கோளாறா?
– வாசகி, திருப்பூர்

பதில்: அடுத்த திங்கட்கிழமை காலையில் திரையின் மேற்புறத்திலுள்ள கடிகாரத்தைப் பாருங்கள், அது சனிக்கிழமை மாலையைக் காட்டிக்கொண்டிருக்கக் கூடும். உபுண்டுவின் பொதிகள் இணையத்தில் வைக்கப்பட்டிருக்கும் மென்பொருள் களஞ்சியத்தில் உள்ள வெளியீட்டுக் கோப்பில் அது உருவான நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். கணினியின் கடிகாரம் அதற்கும் பின்தங்கியிருந்தால், இன்னும் பிறக்காத நேரத்தில் கையொப்பமிட்ட கோப்பாக அது தெரிவதால் ஆப்ட் அதை ஏற்க மறுக்கிறது. எத்தனை நாள், எத்தனை மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பதும் அந்தச் செய்தியிலேயே இருக்கும்.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற வட்டமான பேட்டரி இருக்கும். அதன் மேல் பெரும்பாலும் சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும்; 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டால் மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரம் ஓடாது. மறுபடி திறக்கும்போது உபுண்டு தான் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கி, பிறகு இணையத்தில் சரியான நேரத்தைக் கேட்டுப் பெறும். அலைபேசி இணையத்தில் சரியாகிவிடுகிறது என்பதிலிருந்து, நேரம் கேட்கும் 123 என்ற வாயில் உங்கள் அலுவலக இணையத்தில் அடைக்கப்பட்டிருக்கலாம் என்று கருதுகிறேன். இணையத்தைப் பராமரிப்பவரிடம் அதைத் திறந்துவிடச் சொல்லுங்கள், பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அதுவரை அமைப்புகளில் தேதியையும் நேரத்தையும் கையால் திருத்திக்கொண்டு நிறுவலாம்.

கேள்வி: கோழிப்பண்ணையின் தீவனக் கணக்குக்காக ஒரு மென்பொருளின் நிறுவல் பொதியான டெப் கோப்பைத் தரவிறக்கினேன். உபுண்டு 22.04இல் நிறுவும்போது 'லிப்எஸ்எஸ்எல் 1.1 நிறுவத்தக்கதாக இல்லை' என்று வருகிறது. பழைய உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்து அதை மட்டும் எடுத்துப் போட்டால் ஓடும் என்று படித்தேன். செய்யலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: ஓடத்தான் செய்யும், இருந்தாலும் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆப்ட் தரும் செய்திகளில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு உண்டு. 'இன்ன பொதி நிறுவப்படப் போவதில்லை' என்று வந்தால், அந்தப் பொதி களஞ்சியத்தில் இருக்கிறது, ஆனால் வேறொன்றோடு மோதுகிறது என்று பொருள். அங்கே சிக்கலை அவிழ்க்க வழியுண்டு. 'நிறுவத்தக்கதாக இல்லை' என்று வந்தால், உங்கள் கணினி அறிந்த எந்தக் களஞ்சியத்திலும் அந்தப் பொதியே இல்லை என்று பொருள். உங்களுக்கு வந்திருப்பது இரண்டாவது.

லிப்எஸ்எஸ்எல் என்பது ஓபன்எஸ்எஸ்எல் என்ற நூலகத்தின் (பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பின்) பகுதி. உபுண்டு 20.04இல் அதன் 1.1 வரிசை இருந்தது; 22.04இல் 3.0 வந்துவிட்டது. உங்கள் டெப் கோப்பு 20.04க்காகவோ அதற்கும் முந்தைய பதிப்புக்காகவோ கட்டப்பட்டது. இணையத் தொடர்பை மறைகுறியாக்கிக் காப்பதுதான் அந்த நூலகத்தின் வேலை. 1.1.1 வரிசைக்கு அதை உருவாக்கியவர்கள் பொதுவாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 செப்டம்பரோடு நின்றுவிட்டன. கையால் எடுத்துப் போட்ட பொதிக்கு உபுண்டுவின் புதுப்பித்தலும் வராது. வங்கிப் பரிமாற்றமும் நடக்கும் ஒரு கணினியில், யாரும் கவனிக்காத ஒரு பழைய பூட்டை மாட்டி வைப்பது முறையல்ல.

மென்பொருளைத் தந்தவர்களின் தளத்தில் 22.04க்கு உரிய பதிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஃபிளாட்பேக் வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். அது தனக்கு வேண்டிய நூலகங்களைத் தன்னோடே கொண்டு வருவதால் இந்தச் சிக்கல் எழாது. அதுவும் இல்லையென்றால் வேறு மென்பொருளைத் தேடுவதே நல்லது.

நிறுவும் முறை பற்றியும் ஒரு சொல். டெப் கோப்பை 'டிபிகேஜி -ஐ' என்று நிறுவினால் சார்புப் பொதிகள் தாமாக வரமாட்டா. கோப்பு இருக்கும் கோப்புறையில் டெர்மினலைத் திறந்து 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று இட்டு, ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்த்து, அவற்றை ஒட்டிக் கோப்பின் பெயரை எழுதினால், கிடைக்கக்கூடிய சார்புகளை ஆப்ட் தானே கொண்டுவரும். புள்ளியையும் சாய்கோட்டையும் விட்டுவிட்டால், அந்தப் பெயருள்ள பொதியைக் களஞ்சியத்தில் தேடிவிட்டு இல்லை என்று சொல்லிவிடும்.

கேள்வி: ஸ்னாப் வடிவில் நிறுவிய படம் வரையும் மென்பொருளில், பென் டிரைவில் உள்ள படுக்கை விரிப்பு வடிவங்களைத் திறக்க முடியவில்லை. மற்ற மென்பொருள்களில் திறக்கிறது. நிறுவலில் பிழையா?
– வாசகர், கரூர்

பதில்: பிழை இல்லை. ஸ்னாப் மென்பொருள்கள் வேலியிட்ட இடத்துக்குள் இயங்குபவை. உங்கள் வீட்டுக் கோப்புறையை அவை பார்க்கலாம். பென் டிரைவைப் பார்ப்பதற்குப் பல மென்பொருள்களுக்குத் தனி அனுமதி வேண்டும். அமைப்புகளில் செயலிகள் பகுதிக்குச் சென்று, அந்த மென்பொருளின் பெயரைத் தேர்ந்து, கழற்றக்கூடிய சேமிப்பகங்களைப் படிக்கவும் எழுதவும் தரும் அனுமதியை இயக்குங்கள். அந்தப் பொத்தானே இல்லையென்றால், மென்பொருளை உருவாக்கியவர் அதைக் கேட்கவில்லை என்று பொருள். வடிவங்களை வீட்டுக் கோப்புறைக்கு நகலெடுத்துத் திறந்துகொள்ளலாம்.

கேள்வி: தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். உபுண்டுவில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தேன். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்தில் புள்ளி விழ வேண்டும்; விழவில்லை.
– வாசகர், கோபிச்செட்டிபாளையம்

பதில்: ஐயா, உபுண்டுவில் தமிழ்99 இரண்டு வகையாகக் கிடைக்கிறது. தாங்கள் சேர்த்திருப்பது, ஒரு விசைக்கு ஒரு குறி என்ற அளவில் இயங்கும் எளிய அமைப்பாக இருக்க வேண்டும். முன்பின் எழுத்துகளைப் பார்த்துப் புள்ளியிட அதனால் இயலாது. 'ஐபஸ்-எம்17என்' என்ற பொதியை நிறுவிவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். வெளியேறாமல் தேடினால் புதிய அமைப்பு பட்டியலில் தெரியாமல் போகலாம். பிறகு விசைப்பலகை அமைப்புகளில் தமிழைத் தேர்ந்து, பெயரோடு 'எம்17என்' என்று குறித்திருக்கும் தமிழ்99ஐச் சேருங்கள். பழையதை நீக்கிவிடுங்கள்; இரண்டும் இருந்தால் மாற்றும்போது குழப்பம் வரும்.

கேள்வி: பொறியியல் மாணவி. கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்க உதவும் வர்ச்சுவல்பாக்ஸை உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்தே நிறுவினேன். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். கணினியை மறுபடி தொடங்கியபோது ஒரு நீலத் திரை வந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. இப்போது 'கெர்னல் டிரைவர் நிறுவப்படவில்லை, -1908' என்று வருகிறது.
– வாசகி, பெருந்துறை

பதில்: அந்த நீலத் திரையில்தான் நிறுவலின் கடைசிப் படி இருந்தது. உங்கள் கணினியில் செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்கிறது. கெர்னலுக்குள் ஏற்றப்படும் எந்தத் துண்டும், கணினி நம்பும் ஒரு சாவியால் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும் என்று அது கேட்கும். வர்ச்சுவல்பாக்ஸின் டிரைவர் உங்கள் கணினியிலேயே கட்டப்படுவதால், அதற்கான சாவியும் அங்கேயே உருவாக்கப்பட்டது. அந்தச் சாவியை நம்பலாம் என்று கணினியின் முன் அமர்ந்திருப்பவர் நேரில் ஒப்புதல் தர வேண்டும் என்பதற்காகவே அந்தத் திரை. 10 நொடிக்குள் எந்த விசையையும் அழுத்தாவிட்டால் ஒப்புதல் இல்லை என்று கொண்டு கணினி வழக்கம்போலத் திறந்துவிடும்.

டெர்மினலில் 'சுடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ' என்ற ஆணையை இட்டு, குறைந்தது 8 எழுத்துள்ள ஒரு கடவுச்சொல்லைக் கொடுங்கள். இது ஒரே ஒரு முறை மட்டும் பயன்படும் சொல். தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். மறுபடி தொடங்கியதும் நீலத் திரை வரும்போது ஏதேனும் ஒரு விசையை உடனே அழுத்துங்கள். 'என்ரோல் எம்ஓகே', 'கன்டினியூ', 'யெஸ்' என்ற வரிசையில் தேர்ந்து, கடவுச்சொல்லை இட்டு, கடைசியில் 'ரீபூட்' கொடுங்கள். செக்யூர் பூட்டை, கணினியின் தொடக்க அமைப்புகள் உள்ள பயாஸில் அணைத்துவிட்டாலும் டிரைவர் இயங்கும். ஆனால் அதே கணினியில் விண்டோஸும் அதன் வட்டுப் பூட்டான பிட்லாக்கரும் இருந்தால், அடுத்த முறை விண்டோஸைத் திறக்கும்போது அது மீட்புச் சாவியைக் கேட்கக் கூடும் என்பதால், சாவியைப் பதிவு செய்யும் வழியையே கையாளுங்கள்.