ஃபுல்லரீன் பந்தும் பெப்டைடு துணுக்கும்: கேள்வி பதில்

60 கார்பன் அணுக்கள் பந்துபோலக் கூடிய மூலக்கூறுதான் ஃபுல்லரீன், சுருக்கமாக சி60. பல வருடமாக ஆய்வகத்தில் இந்தக் கரிப்பொடியோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சார், வைட்டமின் சி தன் ஹைட்ரஜனைக் கொடுத்து ஃப்ரீ ரேடிக்கலை அடக்கும் என்று படித்திருக்கிறோம். சி60 முழுக்கக் கார்பன். கொடுக்க அதனிடம் என்ன இருக்கிறது? (எம்.எஸ்சி. மாணவி)

சரியான இடத்தில் பிடித்தீர்கள் அம்மா. வைட்டமின் சி கொடுக்கிற ஆள், சி60 வாங்கிக்கொள்கிற ஆள். 60 கார்பன்களுக்கு இடையே 30 இரட்டைப் பிணைப்புகள். துணையில்லாத எலக்ட்ரானோடு அலையும் ரேடிக்கல் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஒன்றோடு நிற்காது. 1991இல் வெளிவந்த ஆய்வில் ஒரே பந்தில் 34 மீத்தைல் ரேடிக்கல்கள் வரை ஒட்டியது தெரிந்தது. ‘ரேடிக்கல் ஸ்பாஞ்ச்’ என்ற பட்டப்பெயர் அந்தச் சமயத்தில் வந்ததுதான்.

தண்ணீரிலேயே கரையாத பொருள் உடம்பில் என்ன செய்யும்?

டொலுயீனில் போட்டால் நாவற்பழச் சாறு மாதிரி அழகான ஊதா. தண்ணீரில் போட்டால் அடுப்புக்கரி மாதிரி அப்படியே கிடக்கும். அதனால் பந்தின் மேல் ஹைட்ராக்சில், மலோனிக் அமிலம் என்று ஒட்டிக் கரைய வைப்பார்கள். அதில் ஒரு நஷ்டம் உண்டு. ஒட்டும் ஒவ்வொன்றுக்கும் இரட்டைப் பிணைப்பைச் செலவழிக்க வேண்டும். நிறைய ஒட்டினால் முதலுக்கே மோசம்.

பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி, இங்கேதான் உதவுகிறது. பந்தில் ஒரே ஒரு இடத்தில் கட்டினால் போதும். தண்ணீருக்குப் பயந்து பந்துகள் உள்ளே ஒடுங்கும், பெப்டைடின் மின்சுமையுள்ள முனை வெளியே நீட்டிக்கொள்ளும். யாரும் அடுக்க வேண்டியதில்லை, தானாகவே உருண்டையோ நூலோ ஆகிவிடும். இரண்டே அமினோ அமிலம் கொண்ட டைஃபினைல்அலனின் தண்ணீரில் நானோகுழாய் ஆவதை 2003இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் எஹுத் கசித் குழு காட்டியது. அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்திலிருந்து எடுத்த துணுக்கு அது!

அப்படி அடுக்கினால் ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தி (ரேடிக்கலை அடக்கும் திறன்) கூடுமா அண்ணா?

தானாகக் கூடாது தம்பி. மூட்டைக்கு நடுவே இருக்கும் நெல்லைக் கோழி கொத்த முடியுமா? உருண்டையின் உள்ளே புதைந்த பந்தை ரேடிக்கல் எளிதில் எட்டாது. மெல்லிய நூலாக அமைந்தால் பரவாயில்லை. அப்புறம், பெப்டைடும் தன் பங்குக்கு வேலை செய்யும். டைரோசின், சிஸ்டீன், ஹிஸ்டிடின் இருந்தால் அவையே ரேடிக்கலைப் பிடிக்கும். எனவே பெப்டைடை மட்டும் தனியாகச் சோதித்த கணக்கு இல்லாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

டிபிபிஎச் என்ற ஊதா நிற ரேடிக்கலை அடக்கிப் பார்க்கும் சோதனையில் 80 சதவீதம் வந்தது. கைடுக்கு மகிழ்ச்சி. ஆய்வேட்டில் போட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். டிபிபிஎச் தண்ணீரில் கரையாது, மெத்தனாலில்தான் செய்திருப்பீர்கள். தண்ணீரில் பந்தும் பெப்டைடும் சேர்ந்து கட்டிய கூடு மெத்தனாலில் அப்படியே நிற்குமா? பல நேரம் கலைந்துவிடும், அல்லது உருமாறிவிடும். நீங்கள் அளந்தது கூட்டையா, சிதறிய மூலக்கூறுகளையா என்று வைவாவில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இன்னொரு பள்ளம், நானே விழுந்தது. டிபிபிஎச்சின் ஊதா மஞ்சளாக மாறுவதை 517 நானோமீட்டரில் பார்க்கிறோம். ஃபுல்லரீன் கூட்டின் பழுப்பு நிறமும் அதே இடத்தில் ஒளியை உறிஞ்சும், கலங்கலாக இருந்தால் சிதறடிக்கவும் செய்யும். டிபிபிஎச் சேர்க்காத மாதிரியை பிளாங்க்காக (கழிக்க வேண்டிய அடிப்படை அளவாக) வைக்க மறந்து, அளவு கூட்டக் கூட்ட ‘சக்தி குறைகிறது’ என்று இரண்டு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். தண்ணீரிலேயே செய்யக்கூடிய, ஏபிடிஎஸ் என்ற வேறொரு நிற ரேடிக்கலை வைத்துச் செய்யும் முறையில், 734 நானோமீட்டரில், ஒருமுறை பாருங்கள். அங்கே நிறத் தொல்லை குறைவு.

ஆலிவ் எண்ணெயில் கரைத்த சி60 ஆயுளைக் கூட்டும் என்று மாமா ஆன்லைனில் வாங்கிக் குடிக்கிறார். சரியா?

நிறுத்தச் சொல்லுங்கள். 2012இல் வெளியான ஓர் எலி ஆய்வில் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பானதாகச் சொன்னதிலிருந்து கிளம்பிய வியாபாரம் இது. அதில் இருந்த எலிகள் கைவிரல் விட்டு எண்ணும் அளவு. பின்னால் சுண்டெலிகளில் செய்து பார்த்தவர்களுக்கு ஆயுள் கூடவில்லை. அதோடு, வெளிச்சம் பட்ட எண்ணெய் அவற்றுக்கு நஞ்சாகவே ஆனது.

வெளிச்சத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எல்லாமே இதில்தான் இருக்கிறது. இருட்டில் ரேடிக்கலைப் பிடிக்கிற அதே சி60, வெளிச்சம் பட்டால் அந்த ஆற்றலைப் பக்கத்து ஆக்ஸிஜனுக்குக் கொடுத்து, செல்களைத் தாக்கும் வீரியமான சிங்க்லெட் ஆக்ஸிஜனாக்கும். கரைசலில் தனித்தனியாக இருக்கும்போது, உறிஞ்சும் ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் கிட்டத்தட்ட ஒன்று என்ற வீதத்தில். கிருமியைக் கொல்ல இதையே பயன்படுத்தலாம். டைபெப்டைடும் ஃபுல்லரீனும் சேர்ந்த ஜெல்லை அதற்காகவே செய்திருக்கிறார்கள். பந்துகள் ஒன்றோடொன்று நெருங்கி உட்கார்ந்தால் இந்தக் குணம் மங்கும். அதாவது, நெருக்கம் ரேடிக்கலையும் எட்ட விடாது, ஒளியின் கெடுதலையும் குறைக்கும். எந்த அளவு நெருக்கம் வேண்டும் என்பதைப் பெப்டைடை மாற்றி மாற்றித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மாதிரியை எப்படி வைத்துக்கொள்வது?

புட்டியை அலுமினியத் தாளில் சுற்றுங்கள். சோதனை செய்யும்போது மேசை விளக்கையும் அணைத்துவிடுங்கள்.